எழுத்தர் மேசையும் எண்களின் உலகும்

நுழையும்முன்

பிழைப்புக்கு ஒரு பணி. உள்ளம் நாடும் பணி மற்றொன்று. முன்னதைக் கைவிடாமல் பின்னதைத் தேடி அடைந்தவர் கணிதமேதை சீனிவாச இராமானுஜன்.

ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்த இராமானுஜன், கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்தமையால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. தேர்விலும் தோல்வியுற்றார். 1909இல் திருமணம் நிகழ்ந்தபின், வருவாய் தேடும் கடமை அவரை அழுத்தியது.

1910இல், கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னார்க்காடு மாவட்டத்தின் திருக்கோவிலூருக்குச் சென்றார். அங்குத் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். எழுத்தர் பணி கேட்டு வந்த இளைஞரின் குறிப்பேடுகளை அவர் புரட்டிப் பார்த்தார். அத்தகைய ஆற்றலைச் சிறுபணியில் முடக்க மனமின்றி, அறிமுக மடல் அளித்துச் சென்னைக்கு அனுப்பினார்.

சென்னையில் இராமச்சந்திர ராவ் திங்கள்தோறும் பொருளுதவி செய்தார். பிறர் கொடையில் நெடுங்காலம் வாழ இராமானுஜன் விரும்பவில்லை. அரசுக் கணக்கு அலுவலகத்தில் 20 ரூபாய் ஊதியத்தில் தற்காலிகமாகப் பணியாற்றினார். 1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்திற்கு விண்ணப்பித்து, மார்ச் 1 அன்று 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார்.

ஊதியம் இல்லத்தின் வறுமையைத் தணித்தது. ஆனால், பகற்பொழுதை அலுவலகக் கணக்குகள் எடுத்துக்கொண்டன. அவர் நாடியது உயர்பதவியன்று, ஆய்வுக்குரிய நேரமே. மேலதிகாரி நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். மாலைவேளைகளில் பலகையுடன் அவரோடு அமர்ந்து கணக்கிட்டார். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஊக்கமளித்தார். ஆதலால் அத்தேடல் பணியிடத்திற்கு மறைத்துச் செய்ததன்று; பணியிடமே துணைநின்றது.

கேம்பிரிட்ஜ் அறிஞர் இருவருக்கு எழுதியும் பயன் விளையவில்லை. எனினும் சோர்வடையாமல், 1913 சனவரி 16 அன்று பேராசிரியர் ஹார்டிக்கு மடல் வரைந்தார். தாம் துறைமுக எழுத்தர் என்பதையும் பட்டம் பெறாதவர் என்பதையும் ஒளிக்காமல், தாம் கண்ட தேற்றங்களை அதில் அடுக்கினார். அவற்றின் அருமையை ஹார்டி உணர்ந்தார்.

அவ்வாண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாத அவருக்குத் திங்கள் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. நாள் முழுவதும் கணிதத்திற்கே உரியதாயிற்று. 1914 மார்ச் 17 அன்று இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர், 1918இல் இராயல் கழக உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32ஆம் வயதில் மறைந்தார்.

கையிலிருந்த பணியை இகழாமையும், தகுந்த பணியைத் தேடிச் சோராமையும் அவரிடம் ஒருங்கே இருந்தன. அவ்விரண்டுமே எழுத்தர் மேசையிலிருந்து உலகக் கணித அரங்கிற்கு அவரை உயர்த்தின.