நஞ்சை முறித்த நல்லறிஞர்

தென்னமெரிக்காக் கண்டத்தின் ஏறத்தாழச் சரிபாதியைத் தன்னகத்தே கொண்டு விளங்குவது பிரேசில் நாடு. அந்நாட்டின் மீனாஸ் ஜெராயிஸ் மாகாணத்தில் கம்பான்யா என்பது ஓர் ஊர். அவ்வூரில் 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. தந்தையார் அந்நாளுக்குரிய தூயவரின் பெயரோடு நாட்டின் பெயரையும், மாகாணத்தின் பெயரையும், ஊரின் பெயரையும் தொடுத்து, வித்தல் பிரேசில் மினெய்ரோ த கம்பான்யா என்று நீண்டதொரு பெயர் சூட்டினார். ஊர்ப்பெயரோடு சேர்த்து வழங்கப்பெறும் புலவர் பலரை நாம் அறிவோம். நாட்டின் பெயரையே தம் பெயரிற் கொண்ட அறிஞர் அரியர்.

குடும்பம் செல்வம் நிறைந்ததன்று. இளைஞர் வித்தல் பிறர்க்குப் பாடம் சொல்லியும், எழுத்தராகப் பணிபுரிந்தும் பொருளீட்டியே மருத்துவம் பயின்றார். 1891ஆம் ஆண்டில் ரியோ தெ ஜனேரோ நகரில் பட்டம் பெற்றார். பின்னர்ச் சான் பவுலோ மாநிலத்தின் நலவாழ்வுத் துறையில் அமர்ந்து, மஞ்சட் காய்ச்சல், வாந்திபேதி முதலிய கொள்ளைநோய்கள் பரவிய ஊர்களிற் பணியாற்றினார். அப்பணியில் மஞ்சட் காய்ச்சல் அவரையும் பற்றி விட்டது. பிழைத்தெழுந்தவர், அரசுப் பணியை நீத்து, 1895ஆம் ஆண்டில் பொட்டுகாத்து என்னும் உள்நாட்டு ஊரில் தனி மருத்துவராக அமர்ந்தார்.

அந்நாளில் அப்பகுதியில் காடுகளை அழித்துக் காப்பித் தோட்டங்கள் அமைத்து வந்தனர். உழைப்பாளிகளிற் பலர் காலணியின்றிப் புதர்களில் நடந்தனர். அங்கே ஜராராக்கா என்னும் விரியன் வகைப் பாம்பும், வாலை ஆட்டி ஒலியெழுப்பும் கிலுகிலுப்பைப் பாம்பும் மிகுதி. கடியுண்டோரைச் சுமந்து வந்து மருத்துவர் வாயிலில் கிடத்துவர். கல்லூரியிற் கற்ற மருந்துகளுள் ஒன்றும் பயன்படவில்லை. கொள்ளை நோயை எதிர்த்து நின்ற அம்மருத்துவர், கண்ணெதிரே உழவர் மாய்வதைக் கண்டும் செய்வதறியாது நின்றார்.

நாட்டுப்புற மக்கள் பாம்புக் கடிக்குப் பல பச்சிலைகளைப் பயன்படுத்தி வந்தனர். வித்தல் அவற்றை இகழவில்லை, நம்பிவிடவும் இல்லை. பாம்புகளைப் பிடித்து வந்து நஞ்செடுத்து, விலங்குகளின்மீது ஒவ்வொன்றாகச் சோதித்தார். அவர் ஆய்ந்த இலைகளும் வேர்களும் நஞ்சை முறிக்கவில்லை.

இதற்குச் சற்று முன்பே பிரெஞ்சு அறிஞர் கால்மெத் என்பார் ஒரு புதுவழி கண்டிருந்தார். விலங்கின் உடலில் நல்லபாம்பின் நஞ்சைச் சிறுகச் சிறுகச் செலுத்தினால், அவ்விலங்கின் குருதியில் நஞ்சை எதிர்க்கும் ஆற்றல் உண்டாகும். அக்குருதியினின்றும் பிரித்த தெளிநீரே சீரம் எனப்படும் ஊநீர். அது கடியுண்டாரைக் காக்கும். இவ்வொரு மருந்தே எல்லாப் பாம்புக்கும் போதும் என்பது கால்மெத்தின் கருத்து. வித்தல் பிரேசில் 1897இல் சான் பவுலோ நகருக்கு மீண்டு, அறிஞர் அதோல்போ லுத்சு தலைமை தாங்கிய நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, அம்மருந்தைத் தம் நாட்டுப் பாம்புகளின் நஞ்சோடு பொருத்திப் பார்த்தார். அது பயன் தரவில்லை.

புகழ்பெற்ற அறிஞரின் கூற்று பொய்த்ததைக் கண்டு இளைஞர் ஒருவர் தம் சோதனையையே ஐயுறுதல் இயல்பு. வித்தல் அவ்வாறு தளரவில்லை, காரணத்தை ஆராய்ந்தார். ஜராராக்காவின் நஞ்சு கடிவாயை வீங்கச் செய்து, தசையை அழுகச் செய்யும், குருதியை உறையவிடாது. கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சோ வீக்கத்தை மிகுதியாகக் காட்டாது, நரம்புகளைத் தாக்கி இமைகளைத் தளரச் செய்யும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நஞ்சுகள் வெவ்வேறாயின், முறிமருந்தும் வெவ்வேறாதல் வேண்டும் அன்றோ? ஒரு பாம்பினத்தின் நஞ்சு கொண்டு ஆக்கிய ஊநீர் அவ்வினத்தையும் அதன் நெருங்கிய உறவினத்தையுமே வெல்லும் என அவர் நிறுவினார். இன்று எந்த நாட்டினர் நஞ்சுமுறி மருந்து செய்யினும், தத்தம் நாட்டுப் பாம்புகளின் நஞ்சையே தேடுவது இதனாலேயாம்.

1899இல் சாந்தோசுத் துறைமுகத்தில் கொள்ளைநோயாகிய பிளேக்குத் தோன்றிற்று. அதனை ஆராயச் சென்ற வித்தல் அந்நோயாலும் பற்றப்பட்டு உயிர் தப்பினார். பிளேக்கு மருந்து செய்வதற்கென அரசு, நகருக்குப் புறத்தே புத்தாந்தான் என்னும் பண்ணையை வாங்கி அவரிடம் ஒப்படைத்தது. தொடக்கத்தில் அங்கே ஆய்வுக்கூடமாக அமைந்தது ஒரு மாட்டுத் தொழுவமே. 1901ஆம் ஆண்டில் அது முறையான நிலையமாயிற்று; அவ்வாண்டிலேயே பாம்பு நஞ்சுக்குரிய ஊநீரும் அங்கிருந்து வெளிவந்தது.

மருந்து செய்ய நஞ்சு வேண்டும். நஞ்சுக்குப் பாம்புகள் வேண்டும். உயிருள்ள பாம்பின் கழுத்தைப் பற்றி, நச்சுப்பையை அழுத்திக் கண்ணாடிக் கலத்தில் வடித்தெடுக்கும் நஞ்சு சில துளிகளே. அதனை உலர்த்தி வைத்து, அளவறிந்து குதிரைகளுக்குச் செலுத்தல் வேண்டும். இத்துணைப் பாம்புகளுக்கு எங்கே செல்வது? இங்கே அவர் கண்ட வழி, என் கருத்தில், அவருடைய சோதனைகளினும் வியக்கத்தக்கது. பாம்பு பிடிக்கும் சுருக்குக் கோலையும் மரப்பெட்டிகளையும் அவர் உழவர்க்கு அனுப்பினார். உழவர் பாம்பைக் கொல்லாது பெட்டியில் அடைத்து இருப்புப்பாதை நிலையத்திற் சேர்ப்பர். வண்டிகள் கட்டணமின்றிக் கொண்டுவரும். அதற்கு ஈடாக ஊநீர்க் குப்பிகளும் ஊசிக்குழலும் உழவர்க்குச் செல்லும். மருத்துவர் இல்லாத தோட்டத்திலும் மருந்து சென்று தங்கிற்று. மருந்தோடு ஒரு தாளும் செல்லும். கடித்த பாம்பு யாது, எப்பொழுது ஊசி இட்டனர், பிழைத்தாரா இறந்தாரா என அதில் எழுதியனுப்ப வேண்டும். அத்தாள்களைக் கொண்டு அவர் மருந்தின் பயனைக் கணக்கிட்டார். உழவர் பாம்பும் கொடுத்தனர், அறிவும் கொடுத்தனர்.

நச்சுப் பாம்புகளையே விழுங்கி வாழும் முசுரானா என்னும் பாம்பையும் அவர் போற்றி வளர்த்தார். 1913இல் அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்டு புத்தாந்தானுக்கு வந்து, முசுரானா ஒரு ஜராராக்காவைப் பற்றி விழுங்கும் காட்சியைக் கண்டு வியந்தார்.

1916ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வாசிங்டன் நகரில் நிகழ்ந்த அறிவியல் மாநாட்டிற்குச் சென்ற வித்தல் நியூயார்க்கில் இருந்தார். அவ்வேளை அங்குள்ள விலங்குக்காட்சி சாலையின் காப்பாளர் ஒருவரைக் கிலுகிலுப்பைப் பாம்பு தீண்டிற்று. பிற முயற்சிகள் பயனற்றுப் போக, வித்தல் தாம் கொண்டு சென்றிருந்த ஊநீரை அளித்தார். பிரேசிலின் பாம்பும் வடவமெரிக்காவின் பாம்பும் உறவினம் ஆதலின் மருந்து பலித்தது, காப்பாளர் பிழைத்தார்.

1917இல் தம் மருந்துக்குரிய காப்புரிமையை அவர் நாட்டுக்கே வழங்கிவிட்டார். அதனை வைத்திருப்பின் பெருஞ்செல்வராயிருத்தல் கூடும். நிருவாகத்தாரோடு ஏற்பட்ட வேற்றுமையால் 1919இல் புத்தாந்தானை விட்டு நீங்கி, நித்தெரோய் நகரில் வேறொரு நிலையம் கண்டார். இடையே 1924இல் புத்தாந்தானுக்கு மீண்டும் அழைக்கப்பெற்றுச் சில ஆண்டுகள் அதனை நடத்தினார். சிலந்தி நஞ்சுக்குரிய மருந்தும் ஆக்கினார். 1950ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், தம் 85ஆம் வயதில், ரியோ தெ ஜனேரோவில் காலமானார். தொழுவத்தில் தொடங்கிய அப்புத்தாந்தான் நிலையம் இன்றும் பாம்புகளைப் பேணிப் பிரேசில் நாட்டு மருத்துவமனைகளுக்கு நஞ்சுமுறி மருந்து அனுப்பி வருகிறது.