617 ஓட்டு வாங்கிய சுரங்கத் தொழிலாளி
பெரிய கட்சியை உதறி, சிறிய கட்சி கண்ட கீர் ஹார்டி

ஸ்காட்லாந்து நாட்டில் 1856ம் ஆண்டு ஆகஸ்டு 15ந் தேதி ஓர் ஏழைப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவள் பண்ணை வீட்டில் வேலை பார்த்து வந்தவள். குழந்தைக்கு ஜேம்ஸ் கீர் ஹார்டி என்று பெயர்.

பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் ஹார்டி வேலைக்குப் போனார். ஒரு ரொட்டிக் கடையில் எடுபிடி வேலை. அப்போது தந்தைக்கு வேலை இல்லை. தம்பி காய்ச்சலில் கிடந்தான். இரவெல்லாம் தம்பி பக்கத்தில் கண் விழித்த சிறுவன், காலையில் கடைக்குப் பிந்திப் போனான். முதலாளி வீட்டில் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை பையனை வாசலில் நிறுத்தி வைத்தார்கள். பிறகு உள்ளே கூப்பிட்டு, வேலையும் இல்லை, அந்த வாரக் கூலியும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இதை ஹார்டி சாகும்வரை மறக்கவில்லை.

பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கினார். எழுத்து கற்றுக் கொடுத்தது தாய்தான். சுரங்கத்தின் இருட்டில் விளக்குப் புகை படிந்த கல்லில் குண்டூசியால் கீறிக் கீறிச் சுருக்கெழுத்தும் கற்றார். பெரியவரானதும் தொழிலாளர் சங்கம் சேர்த்தார். முதலாளிகள் அவரையும், கூட வேலை பார்த்த தம்பிகளையும் சேர்த்தே விலக்கினார்கள்.

சீட்டு கேட்டார்

இங்கிலாந்தில் அப்போது இரண்டு பெரிய கட்சிகள். ஒன்று கன்சர்வேடிவ் கட்சி. மற்றது லிபரல் கட்சி. லிபரல் கட்சிதான் முற்போக்குக் கட்சி. ஏழைகளுக்கு ஓட்டுரிமை கேட்ட கட்சி. ஹார்டியும் அந்தக் கட்சிக்காரர்தான்.

1888ம் ஆண்டு மிட் லானார்க் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. சுரங்கத் தொழிலாளர் நிறைந்த தொகுதி அது. ஹார்டி லிபரல் கட்சியிடம் சீட்டு கேட்டார். கிடைக்கவில்லை. லண்டனிலிருந்து ஒரு வக்கீலைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

ஏன் அப்படி? சீட்டு கொடுக்கும் உள்ளூர் கமிட்டிகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள். பார்லிமெண்டு மெம்பர்களுக்கு அந்தக் காலத்தில் சம்பளமும் கிடையாது. 1911ல்தான் சம்பளம் வந்தது. தொழிலாளியின் ஓட்டு வேண்டும், தொழிலாளி வேண்டாம் என்பதுதான் நிலைமை.

ஹார்டி தனியாக நின்றார். விலகிக்கொண்டால் வேறு நல்ல தொகுதியும், வருஷம் 300 பவுனும் தருவதாகப் பேரம் பேசினார்கள். அவர் மசியவில்லை. எண்ணிப் பார்த்தபோது அவருக்கு விழுந்தது 617 ஓட்டு. வக்கீலுக்கு 3,847.

தோற்ற சில மாதங்களுக்குள் ஸ்காட்லாந்து தொழிற்கட்சியைத் தொடங்கினார்.

பிராட்போர்டு

இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் 1890 டிசம்பரில் ஓர் ஆலையில் கூலியைக் குறைத்தார்கள். தொழிலாளர்கள், அதிலும் பெண்கள் ஏராளம், 19 வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். பட்டாளம் வந்தது. நகரசபையில் லிபரல் கட்சியின் கை ஓங்கியிருந்தும் அவர்களுக்கு உதவி கிடைக்கவில்லை. வேலைநிறுத்தம் தோற்றது. பரம்பரை பரம்பரையாக லிபரலுக்கு ஓட்டுப் போட்ட குடும்பங்கள் அன்று மனம் கசந்தன. அதே நகரில்தான் 1893 ஜனவரியில் சுயேச்சைத் தொழிற்கட்சி பிறந்தது. தலைமை ஹார்டிக்கு.

அதற்கு முன்பே, 1892ல், லண்டனையொட்டிய தென் வெஸ்ட்ஹாம் தொகுதியில் ஜெயித்து ஹார்டி பார்லிமெண்டுக்குள் போய்விட்டார். பட்டுத் தொப்பியும் நீள அங்கியும் நிறைந்த சபைக்குள் அவர் சாதாரண உடையில் நுழைந்தார். பத்திரிகைகள் கேலி செய்தன.

1894 ஜூன் 23ந் தேதி வேல்ஸ் நாட்டுச் சுரங்கம் ஒன்று வெடித்து 290 பேர் மாண்டார்கள். அதே நாளில் அரச குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் வந்தது. செத்தவர்களுக்கும் அதில் ஓர் அனுதாப வார்த்தை சேருங்கள் என்று ஹார்டி கேட்டார். மறுத்தார்கள். அவர் ஒருவராக எழுந்து தீர்மானத்தை எதிர்த்தார். சபை கூச்சல் போட்டது.

ஓட்டு சிதறுமே!

சிறு கட்சிக்குப் போடும் ஓட்டு எதிரிக்குத்தானே உதவும்? இந்தக் கேள்வி நியாயமானது. லிபரல்காரர்கள் இதைத்தான் ஊரெல்லாம் சொன்னார்கள். 1895 தேர்தலில் சுயேச்சைத் தொழிற்கட்சி 28 இடங்களில் நின்று 28லும் தோற்றது. ஹார்டியின் தொகுதியே கன்சர்வேடிவ் கைக்குப் போயிற்று.

அவர் சோர்ந்துவிடவில்லை. கொள்கை பேசுகிறவர்கள் மட்டும் போதாது, சங்கங்களின் பணமும் ஆள்பலமும் வேண்டும் என்று கண்டுகொண்டார். 1900 பிப்ரவரியில் தொழிற்சங்கங்களும் சோஷலிஸ்டுகளும் லண்டனில் கூடி ஒரு கமிட்டி அமைத்தனர். அவ்வருஷத் தேர்தலில் அதற்கு 2 இடம். வேல்ஸ் நாட்டு மெர்தர் டிட்வில் தொகுதியில் ஜெயித்த ஹார்டி அதில் ஒருவர். 1901ல் ஒரு ரெயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சங்கமே நஷ்டஈடு தர வேண்டும் என்று பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. திடுக்கிட்ட சங்கங்கள் கமிட்டிக்கு ஓடி வந்தன.

1903ல் லிபரல் கட்சியே ரகசியமாக உடன்பாடு செய்துகொண்டது. பல தொகுதிகளில் ஒருவர்மேல் ஒருவர் ஆள் நிறுத்துவதில்லை என்று ஒப்பந்தம். 617 ஓட்டைக் கேலி செய்த கட்சி அது! 1906ல் கமிட்டிக்கு 29 இடம் கிடைத்தது. தொழிற்கட்சி என்று பெயர் சூட்டினார்கள். பார்லிமெண்டில் ஹார்டி தலைவரானார்.

1907ல் ஹார்டி இந்தியாவுக்கு வந்தார். பிரிவினையால் கொதித்துக்கொண்டிருந்த வங்காளத்தைச் சுற்றிப் பார்த்து, இந்தியர்களுக்குச் சுயஆட்சி வேண்டும் என்றார். ராஜத்துரோகி என்று லண்டன் பத்திரிகைகள் ஏசின.

1914ல் யுத்தம் மூண்டது. ஹார்டி எதிர்த்தார். அவருடைய தொகுதியிலேயே, அவரை ஜெயிக்க வைத்த தொழிலாளர்களே, கூட்டத்தில் பேசவிடாமல் கத்தினார்கள். அந்த அடி ஆழமாக விழுந்தது. 1915 செப்டம்பர் 26ந் தேதி கிளாஸ்கோ நகரில் இறந்தார். வயது 59.

1924 ஜனவரியில் தொழிற்கட்சி முதல் தடவையாக மந்திரிசபை அமைத்தது. பிரதம மந்திரி ராம்சே மக்டொனால்டு. 1894ல் சவுதாம்ப்டன் நகரில் லிபரல் கட்சியிடம் சீட்டு கேட்டுக் கிடைக்காமல் ஹார்டியின் கட்சிக்கு வந்து சேர்ந்தவர் அவர். அந்த வருஷம் அக்டோபரில் நடந்த தேர்தலில் லிபரல் கட்சிக்குக் கிடைத்தது 40 இடம்.