மடங்கிய விரல்களை நிமிர்த்தியவர்

நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்போரின் கைகளைக் கண்டிருப்பீர்கள். கயிற்றைப் பற்றும் அவ்விரல்கள் ஒருநாள் மடங்கி முடங்கிவிட்டால், அக்குடும்பத்தின் அடுப்பு எரிவது எப்படி? தொழுநோயால் இவ்வாறு கை முடங்கியோருக்கு வழி கண்டவர் வைத்தியர் பால் பிராண்ட்.

தமிழகத்தின் கொல்லிமலையில் வேதப்பணி புரிந்த ஆங்கிலேயத் தம்பதியருக்கு 1914ஆம் ஆண்டு பிறந்தார். ஒன்பது வயதிற் கல்விக்காக இங்கிலாந்து சென்றவர், தந்தையை மீண்டும் காணவில்லை. 1929இல் அத்தந்தை காய்ச்சலால் மலையிலேயே மாண்டார். மகனோ கட்டடத் தொழிலும் தச்சுவேலையும் பழகிய பின்னரே இலண்டனில் வைத்தியம் பயின்றார். 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தில் ஒரு நோயாளியின் மடங்கிய கையைப் பற்றி, அழுத்தும்படி கேட்டார். பிடி இரும்புப் பிடியாக இருந்தது! உள்ளங்கையின் சிறு தசைகளே செயலிழந்திருந்தன. முன்கைத் தசைகள் பலமாகவே இருந்தன. எனவே நல்ல தசையொன்றின் நாணை வழிமாற்றி விரல்களோடு இணைத்துச் சத்திர சிகிச்சை செய்தார். சில வாரம் மாவுக்கட்டு, பின்னர் பொறுமையான பயிற்சி. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

தொழுநோயால் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்பதையும் அவர் நிறுவினார். நோவு தெரியாமையே எதிரி. சுடுபாத்திரம் பட்டாலும், இரவில் எலி கடித்தாலும் நோயாளி உணர்வதில்லை. கவனியாத காயமே விரலைத் தின்றது.

ஆனால் கை நேரானதும் வேறொரு துயரம் எழுந்தது. முடங்கிய கைக்குக் கிடைத்த பிச்சை, நேரான கைக்குக் கிடைக்கவில்லை. வேலை கொடுப்பாரும் இல்லை. ஆகவே வேலூரில் நவஜீவ நிலையம் உருவாயிற்று. அங்கே தாம் கற்ற தச்சுவேலையை நோயாளருக்குக் கற்பித்தார். மரப் பொம்மைகள் செய்து, உழைத்து உண்ணும் மதிப்பை அவர்கள் பெற்றனர்.

1966இல் அமெரிக்கா சென்று அங்கும் தொழுநோயாளருக்கே பணியாற்றிய பிராண்ட், 2003இல் தமது 88ஆம் வயதிற் காலமானார்.

இன்று மாத்திரைகளால் தொழுநோய் முற்றாகக் குணமாகும். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம். உடலில் உணர்ச்சியற்ற தேமல் கண்டால் மறைக்காதீர்கள், தாமதியாது செல்லுங்கள். குணமடைந்து வருபவரை ஒதுக்காதீர்கள். நிமிர்ந்த விரல்களைப் பற்றிக்கொள்ள இன்னொரு கை வேண்டும். அது நம்முடையதாக இருக்கட்டும்.