திவான் மாதவராவும் நம் வீட்டுப் பத்திரமும்

நெய்யாற்றின்கரையிலிருந்தும் பாறசாலையிலிருந்தும் திருவனந்தபுரம் செல்லும் நாம், தலைமைச் செயலகத்தின் எதிரே ஸ்டாச்யூவில் பஸ்ஸை விட்டு இறங்குகிறோம். அந்தச் சிலைக்கு உரியவர் யாரென்று நம் பிள்ளைகள் வினவினால் விடை கூற வேண்டாமா? அவரும் நம்மைப் போலவே பிழைப்பு நாடித் தமிழகத்திலிருந்து வந்தவர்தாம்.

சர். தி. மாதவராவ் 1828ஆம் ஆண்டு கும்பகோணத்தில், தஞ்சை மராத்தியக் குடும்பமொன்றில் பிறந்தார். சென்னையில் பயின்று, 1849இல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியராக அமர்ந்தார். பின்னர் வருவாய்த் துறையில் படிப்படியாக உயர்ந்து, முப்பது வயதிலேயே திவான் பொறுப்பை ஏற்றார். அரசின் கடனைத் தீர்த்தார். 1863இல் புகையிலை ஏகபோகத்தை ஒழித்தார்.

எனினும், நம்மைப் போன்ற குடும்பங்களைத் தொடுவது 1865ஆம் ஆண்டின் பண்டாரப்பாட்ட விளம்பரமே. அதுவரை சர்க்கார் பாட்ட நிலத்தை உழுதவனுக்கு அதன்மேல் முழு உரிமை இல்லை. கரம் செலுத்தி வரும் வரை நிலம் அவனுடையது, அவன் மக்களுக்கும் சேரும், விற்கவும் அடகு வைக்கவும் தடையில்லை என்று அவ்விளம்பரம் அறிவித்தது. குடியானவன் தலை நிமிர்ந்தான்.

ஆனால் விற்கத்தக்க பொருள் எதுவும் வாங்கிக் குவிக்கத்தக்க பொருளும் ஆகும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் 1795இல் தன் மேற்கு எல்லையில் ஏறத்தாழ மூன்றரைக் கோடி ஏக்கரை நான்கு கம்பெனிகளுக்கு ஐந்து லட்சம் டாலருக்கு விற்றது. கையூட்டு வெளிப்பட்டு மறு ஆண்டே அது ரத்தாயிற்று. அதற்குள் நிலம் பலர் கை மாறிவிட்டது. காலங்காலமாக அங்கு வாழ்ந்த பழங்குடிகளை எவரும் கேட்கவில்லை.

நம் மலைகளிலும் அத்தகைய ஆசை தலை காட்டிற்று. மாதவராவ் காலத்திலேயே காபித் தோட்டங்களுக்காக மலைத் தரிசுகள் விற்பனைக்கு வந்தன. அவர் 1872இல் பதவி விலகிய பின், 1877இல் பூஞ்ஞாற்று அரசர் கண்ணன் தேவன் மலையில் சுமார் 227 சதுர மைலை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஒருவருக்கே எழுதிக் கொடுத்தார். பின்னாளில் அங்கே தேயிலை கிள்ளிய தமிழர்க்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறையே. ஒருவர் எவ்வளவு வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பு கேரளத்தில் 1970இல்தான் நடைமுறைக்கு வந்தது; தோட்டங்களுக்கோ அதிலும் விலக்கு உண்டு.

மாதவராவ் பின்னர் இந்தூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கி, 1891இல் சென்னையில் மறைந்தார். அவர் தந்த உரிமை பெரிது. அது இருபுறமும் கூருடைய கத்தி என்பதும் மெய்யே. நாம் அதனைச் சொந்த வீட்டிலேயே கண்டோம். முன்னோர் வியர்வை சிந்தித் திருத்திய ஊர் நிலம், ஒரு திருமணக் கடனுக்காக ஒரே கையெழுத்தில் போயிற்று. வாங்கியவர் அதில் ஒரு நாளும் ஏர் பூட்டவில்லை. மும்மடங்கு விலைக்கு மறுபடி விற்றார்.

ஆகவே அன்பர்களே, எல்லைக்கு அப்பால் ஊரிலுள்ள கால் காணியாயினும், இங்கே வாங்கிய ஐந்து சென்ட் ஆயினும், கரம் தீர்த்த ரசீதைப் பத்திரமாக வைப்போம். விற்பதற்கு முன் ஒருமுறை பிள்ளைகளின் முகம் நோக்குவோம். அடுத்த முறை ஸ்டாச்யூவில் இறங்கும்போது அவர்களுக்கு இந்த வரலாற்றையும் கூறுவோம்.