நூலால் அளந்த தூரம்

சென்ற மாதம் எங்கள் விடுதியில் ஒரு வாதம் எழுந்தது. நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குப் போகும் விமானம், படத்தில் நேராகப் போகாமல் வடக்கே வளைந்து போவது ஏன் என்று வேறு மாநில நண்பர் ஒருவர் கேட்டார். இதுகூடத் தெரியாதா, உங்கள் ஊர்க்காரர்களே இப்படித்தான் என்று நான் சிரித்தேன். பிறகு பூகோள உருண்டையை எடுத்துவந்து, இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தேன். நூல் தானாகவே வடக்கே வளைந்து சென்றது. உருண்டையின்மேல் மிகக் குறுகிய வழி அதுவே. அதைப் பெருவட்டம் என்கிறோம்.

அப்படியே நூலைப் பிடித்து அளந்த ஓர் இளைஞர் அன்று என் நினைவுக்கு வந்தார். அவர் சார்லஸ் லிண்ட்பர்க்.

1902இல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்து, இரண்டாம் ஆண்டிலேயே வெளியேறினார். விமானம் ஓட்டக் கற்றார். செயின்ட் லூயிசுக்கும் சிகாகோவுக்கும் இடையே தபால் சுமந்தார். நியூயார்க்குக்கும் பாரிசுக்கும் இடையே நில்லாமல் பறப்பவருக்கு 25,000 டாலர் பரிசு காத்திருந்தது. முயன்றவருள் சிலர் உயிரிழந்திருந்தனர்.

படிப்பை விட்டு வந்த அவர், சான் டியாகோ நூலகத்தில் உருண்டையின்மேல் நூல் வைத்து அளந்தார். தூரம் ஏறக்குறைய 3,600 மைல். அதாவது 5,800 கிலோமீட்டர். அந்த வழியை 100 மைல் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் திசையைக் கணக்கிட்டார். 450 காலன் பெட்ரோலின் பாரத்துக்காக வானொலிக் கருவியையும் பாராசூட்டையும் விட்டுவிட்டார். 1927 மே 20 காலை தனியாகப் புறப்பட்டார். முந்திய இரவும் உறக்கமில்லை. 33½ மணி நேரம் கழித்துப் பாரிசை அடுத்த லெ பூர்ஷேயில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 25. இன்று அதே பயணத்துக்கு ஏறக்குறைய 7 மணி நேரமே ஆகிறது.

இத்துடன் கதையை நிறுத்தத்தான் எனக்கு ஆசை. ஆனால் வாழ்க்கை அங்கே நிற்கவில்லை. 1932இல் அவருடைய குழந்தை கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டது. 1938இல் நாஜி ஜெர்மனி தந்த பதக்கத்தை ஏற்றார். 1941இல், அமெரிக்காவைப் போருக்கு இழுப்பவர்களில் யூதர்களும் சேர்ந்தவர்கள் என்று மேடையில் பழி சுமத்தினார். அவரைக் கொண்டாடிய நாடே முகம் சுளித்தது. 1944இல் பசிபிக் போர்முனையில், அதே அளவு பெட்ரோலில் இன்னும் தொலைவு பறக்கும் முறையை விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1974இல் ஹவாய்த் தீவுகளில் காலமானார்.

ஒரு கடலின் அகலத்தை அவ்வளவு நுட்பமாக அளந்தவர், ஓர் இனத்தாரை மொத்தமாக எடைபோட்டுத் தவறினார். கணக்கு வந்துவிட்டால் அறிவும் வந்துவிட்டது என்று நினைக்கும் 23 வயது எனக்கு. பிறமொழியார் நடுவே வாழும் நமக்கு, ஊரை வைத்துப் பிறர் நம்மை இகழ்ந்தால் எப்படி வலிக்கும் என்பது தெரியும். அன்று அந்த நண்பரிடம் நான் செய்தது அதைத்தானே?

மறுநாள் காலை அவர் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, உருண்டையையும் நூலையும் மறுபடி கொண்டுவரச் சொன்னார்.