பனித்தரையில் கோலம் போட்ட சோன்யா

எங்கள் கனகம்மாசத்திரம் பக்கம் ஐஸ் என்றால் குச்சி ஐஸ்தான். அதுவும் கைக்கு வந்து இரண்டு நிமிடத்தில் சட்டையில் வழிந்துவிடும். சித்திரை வெயிலில் திருத்தணி மலைப் படிகளில் வெறுங்காலோடு ஏறியவர்களுக்குச் சூடு என்றால் என்னவென்று தெரியும். ஆனால் தெருவும் ஏரியும் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும் நாடுகளும் உலகில் உண்டு. அப்படிப்பட்ட நார்வே நாட்டில் பிறந்த ஒரு சிறுமியின் கதையை இந்த வாரம் பார்ப்போமா?

அவர் பெயர் சோன்யா ஹெனி. 1912 ஏப்ரல் 8 அன்று, இன்று ஆஸ்லோ எனப்படும் நகரில் பிறந்தார். அப்பா வில்ஹெம், ரோமத் தோல் ஆடை வியாபாரி. அவரே 1894-இல் சைக்கிள் பந்தயத்தில் உலகச் சாம்பியன்! மகளின் காலில் சறுக்குக் காலணி ஏறியதும், அவள் உலகிலேயே முதலாவதாக வர வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். சோன்யா மற்ற பிள்ளைகளைப் போலப் பள்ளிக்குப் போய் வரவில்லை. ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்து பாடம் சொன்னார்கள். மீதி நேரமெல்லாம் பயிற்சிதான்.

1924-இல் பிரான்சின் ஷாமொனியில் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. சோன்யாவுக்கு அப்போது 11 வயது. நீங்கள் ஆறாம் வகுப்பு படிக்கும் வயது! ஆடிக்கொண்டிருக்கும்போதே அடுத்து என்ன செய்வது என்று மறந்து, ஓரத்துக்கு ஓடிக் கேட்டுக்கொண்டு வந்தார். போட்டியிட்டவர்கள் 8 பேர். சோன்யாவுக்குக் கிடைத்தது 8-ஆவது இடம்.

இந்தப் போட்டியில் அந்தக் காலத்தில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று நடனம். மற்றொன்று நம் வீட்டுக் கோலம் போன்றது. காலணியின் அடியில் உள்ள கத்தி போன்ற இரும்புத் தகட்டால் பனியில் 8 போன்ற வடிவங்களைக் கீற வேண்டும். அதே கோட்டின் மேலேயே மறுபடியும் மறுபடியும் போக வேண்டும். நடுவர்கள் குனிந்து, கோடு பிசகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பார்ப்பவர்களுக்குச் சலிப்பாக இருந்தாலும் மதிப்பெண் இதில்தான் அதிகம். 1990-க்குப் பிறகு உலகப் போட்டிகளில் இது இல்லை.

1927-இல் ஆஸ்லோவில் உலகப் போட்டி. தொடர்ந்து 5 முறை வென்றிருந்த ஆஸ்திரியாவின் ஹெர்மா சாபோதான் எதிரி. நடுவர்கள் 5 பேரில் 3 பேர் நார்வேக்காரர்கள். அந்த மூவரும் சோன்யாவுக்கு முதலிடம் கொடுத்தார்கள். மற்ற இருவரும் ஹெர்மாவுக்குக் கொடுத்தார்கள். சோன்யாவுக்குப் பட்டம் கிடைத்தது. ஆனால் எங்கும் ஒரே முணுமுணுப்பு. அதன்பின் ஒரு நாட்டுக்கு ஒரு நடுவர்தான் என்று விதியை மாற்றினார்கள். ஹெர்மா மறுபடி அந்தப் போட்டிக்கு வரவேயில்லை. 14 வயதுப் பெண் நடுவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதும் உண்மை, ஹெர்மாவின் வருத்தம் நியாயமானது என்பதும் உண்மை.

மறு ஆண்டே, வேறு நாட்டில், வேறு நடுவர்கள் முன்னால் சோன்யா பதில் சொன்னார். சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம்! வயது 15. ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கியிருந்த சோன்யா, அந்த நளினத்தைப் பனித்தரைக்குக் கொண்டுவந்தார். (நம் ருக்மிணி தேவி அருண்டேலை நடனத்தின் பக்கம் திருப்பியவரும் இதே பாவ்லோவாதான்!) நீளப் பாவாடைக்குப் பதில் குட்டைப் பாவாடை, கறுப்புக் காலணிக்குப் பதில் வெள்ளை. மற்றவர்களும் அதையே பின்பற்றினார்கள்.

பிறகு 1932-இல் அமெரிக்காவின் லேக் பிளாசிட்டிலும், 1936-இல் ஜெர்மனியின் கார்மிஷிலும் ஒலிம்பிக் தங்கம். 1927 முதல் 1936 வரை உலகப் பட்டம் ஒரு முறைகூடக் கைமாறவில்லை. மொத்தம் 10! பெண்கள் ஒற்றையரில் இந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. ஆனால் கடைசி ஒலிம்பிக் சுலபமாக இல்லை. இங்கிலாந்தின் 15 வயதுச் சிறுமி சிசிலியா காலெட்ஜ், மிக நெருக்கமாக வந்து இரண்டாமிடம் பெற்றார்.

அதே 1936-இல் இன்னொன்றும் நடந்தது. பெர்லினில் ஆடிய சோன்யா, சர்வாதிகாரி ஹிட்லரின் முன் நாஜிக்களைப் போலக் கையை நீட்டி வணங்கினார். நார்வே பத்திரிகைகள் அவரைக் கடுமையாகக் கண்டித்தன. 4 ஆண்டுகளில் ஹிட்லரின் படை நார்வேக்குள்ளேயே புகுந்தது. ஊர்க்காரர்கள் பலர் அந்த வணக்கத்தை மறக்கவில்லை.

23 வயதில் போட்டிகளை விட்டு ஹாலிவுட் போனார் சோன்யா. படங்கள், பனி நடனக் காட்சிகள் என்று ஏராளமாகச் சம்பாதித்தார். கணவர் நீல்ஸ் ஓன்ஸ்டாடுடன் சேர்ந்து ஆஸ்லோ அருகே ஒரு கலைக்கூடம் அமைத்தார். அது 1968-இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அக்டோபர் 12 அன்று, இரத்தப் புற்றுநோயுடன் பாரிசிலிருந்து ஆஸ்லோ நோக்கி விமானத்தில் வந்துகொண்டிருந்தபோதே, 57-ஆவது வயதில் உயிர் பிரிந்தது. அந்தக் கலைக்கூடத்தின் அருகிலுள்ள குன்றில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் வென்ற கோப்பைகளும் பதக்கங்களும் கலைக்கூடத்தின் ஓர் அறையில் வைக்கப்பட்டுள்ளன.