பந்துவீச்சு வீரர் பல்வங்கர் பாலு

பிசான அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் தாமிரபரணிக் கரையூர்களில் நம் பிள்ளைகள் தென்னை மட்டையைச் செதுக்கிக்கொண்டு கிரிக்கெட் ஆட இறங்கிவிடுவதைக் காண்கிறோம். ஆயினும் இந்தியாவின் முதற்பெரும் பந்துவீச்சாளர் யார் என்று வினவினால், பல்வங்கர் பாலுவின் பெயரைச் சொல்வோர் அரியர். அன்னார் தாழ்த்தப்பட்ட குலத்தில் தோன்றியவர். பிறர் ஆடும் களத்தைப் பெருக்கக் கூலிக்கு அமர்ந்தவர். அந்தக் களத்திலிருந்தே கிளம்பிக் கடல் கடந்து சென்று, இங்கிலாந்து நாட்டு ஆட்டக்காரர்களைத் திணற வைத்தவர்.

பாலு 1875-76ஆம் ஆண்டு வாக்கில் தார்வாரில் பிறந்தார். முன்னோர் ஊர் கொங்கணக் கரையிலுள்ள பல்வண். பல்வங்கர் என்னும் பெயர் அதனால் வந்தது. தோல் தொழிலுக்குரியதென ஒதுக்கப்பட்ட சமார் சாதியினர். தந்தையார் பூனாவில் இராணுவத்தைச் சார்ந்த பணியில் இருந்தார். வெள்ளை அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டையும் பந்தும் கொண்டே பாலுவும் தம்பி சிவராமும் ஆட்டம் பயின்றனர்.

முதல் வேலை பூனாவில் பார்சிகளின் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுப்பது. மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892 வாக்கில் ஐரோப்பியரின் பூனா கிளப்பில் 4 ரூபாய்க்குச் சேர்ந்தார். வலை கட்டுவது, கோடு போடுவது இவற்றோடு, பயிற்சி பெறும் துரைமார்களுக்குப் பந்து வீசும் வேலையும் வந்தது. இடது கையால் மெதுவாகச் சுழற்றி வீசுவார். பந்து எப்பக்கம் திரும்பும் என்பதைக் கணிப்பது அரிது. அக்காலத்தின் சிறந்த மட்டையாளரான கிரெய்க் என்னும் அதிகாரி, தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்று சொல்வதுண்டு. எட்டு முறை வீழ்த்தினால் ஒரு மாதச் சம்பளம்! பாலுவின் கை திருந்தியதில் வியப்பில்லை. ஆனால் மட்டையைப் பிடிக்க மட்டும் அவரை விடவில்லை. மட்டையாட்டம் மேன்மக்களுக்கு, வீசும் உழைப்பு வேலைக்காரனுக்கு என்பது அன்றைய ஏற்பாடு.

பூனா இந்துக்களின் அணிக்கு ஐரோப்பியரை வெல்ல வேண்டுமென்ற ஆவல் மிகுந்தது. பாலு இல்லாமல் வெல்ல இயலாது. பாலுவைச் சேர்த்தால் தீட்டு. அணியிலிருந்த உயர்சாதியினர் இரு கூறாகப் பிரிந்து வாதிட்டு, இறுதியில் சேர்த்துக்கொண்டனர். களத்தில் ஒரே பந்தை அனைவரும் தொட்டனர். தேநீர் வேளையில் பாலு வெளியே நிற்க, வீசி எறியும் மண்குவளையில் அவருக்குத் தேநீர் வந்தது. உணவும் தனி இடத்தில், தனித் தட்டில். நம் ஜில்லாவில் சிரட்டையிலும் தனிக் குவளையிலும் தேநீர் வாங்கிக் குடித்த முதியோருக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. வெற்றிகள் குவிந்தன. உடன் ஆடுபவரோடு உடன் உண்ணவும் வேண்டாமா என்று நீதிபதி ரானடே வெளிப்படையாகவே எடுத்துரைத்தார்.

அதன்பின் பாலு பம்பாய்க்குப் பெயர்ந்தார். இந்து ஜிம்கானாவில் இடம் கிடைத்தது, அங்கும் சிலருடைய எதிர்ப்பைத் தாண்டியே. இரயில்வே கம்பெனி வேலை தந்து தன் அணியிலும் ஆட வைத்தது. இன்று கூலிக்கு ஆடும் கால்பந்து வீரர் கழகம் விட்டுக் கழகம் மாறி அயல்நாடு வரை செல்வது போன்றதே அன்று பாலுவின் பிழைப்பு. 1906இல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றபோது, அவ்வெற்றியில் பாலுவின் பந்துவீச்சுக்குப் பெரும் பங்குண்டு. ஆண்டவர்களை ஆளப்பட்டவர்கள் ஆட்டத்திலேனும் வென்றனர் என்று நாடே மகிழ்ந்தது.

1911இல் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைமையில் அனைத்திந்திய அணி இங்கிலாந்து சென்றது. பாலுவும் சிவராமும் அதில் இருந்தனர். தலைவரோ ஆட்டத்தைவிட விருந்துகளை நாடினார். சிறந்த மட்டையாளரான மிஸ்திரியையும் தம்மோடு நிறுத்திக்கொண்டார். அணி 23 ஆட்டங்களில் 6இல் மட்டுமே வென்றது. இத்தகைய அணியில், பழகாத குளிரிலும் ஈரத் தரையிலும், தோள்வலியோடு வீசிய பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்சில் 103 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள். லீஸ்டர்ஷயரை வென்றதிலும் அவர் கையே ஓங்கி நின்றது. சாமர்செட்டை ஒரு விக்கெட்டில் வென்ற ஆட்டத்தில் சிவராம் ஆட்டமிழக்காமல் 113 ஓட்டங்கள் எடுத்தார். மகாராஜாவின் தலைமையில் சென்ற பயணத்தின் மானத்தைக் காத்தவர்கள் தோல் தொழிலாளர் குலத்துச் சகோதரர்கள் என்பதை நம் இளைஞர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஊர் திரும்பியவருக்குப் பம்பாயில் தாழ்த்தப்பட்ட மக்கள் வரவேற்பு அளித்தனர். இளைஞராயிருந்த அம்பேத்கரும் அவரைப் பெருமையோடு நோக்கியவர்களுள் ஒருவர். ஆனால் இந்து அணியின் தலைமை மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. ஆண்டுதோறும் அவரைவிடக் குறைந்த தகுதியினர் தலைவராயினர். 1920இல் அவரை அணியிலிருந்தே நீக்கினர். தம்பியர் சிவராமும் விட்டலும் தாங்களும் ஆட மாட்டோம் என்று பத்திரிகை வாயிலாக அறிவித்து விலகினர். எதிர்ப்பு வலுத்தபின் பாலு துணைத் தலைவராகத் திரும்ப அழைக்கப்பட்டார். இறுதி ஆட்டத்தில் தலைவர் பாய் சிறிது நேரம் களத்தை விட்டு வெளியேறி, அணியைப் பாலு நடத்துமாறு செய்தார். அவருக்குக் கிட்டிய தலைமை அவ்வளவே. 1923இல் விட்டல் முழுத் தலைவராகி வெற்றியும் தேடித் தந்தார்.

பாலுவின் அரசியல் நம்மில் பலருக்கு உவப்பாயிராது. அதற்காக மறைத்தலும் முறையன்று. அவர் காங்கிரசின் பக்கமே நின்றார். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுள், நம் மாகாணத்து எம். சி. ராஜாவோடு அவரும் ஒருவர். 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்தே அவரைக் காங்கிரஸ் நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். அம்பேத்கரே வென்றார், அது நன்றே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஆனால் ஒடுக்கப்பட்டோரின் இரு பெரும் பெயர்களை எதிரெதிரே நிறுத்திய சூழ்ச்சியைப் பாலுவின் மேல் மட்டும் சுமத்துதல் நியாயமாகாது. உடன் உண்ண மறுத்தவர்களை ஆட்டத்தால் மனம் மாற்றலாம் என்று வாழ்நாளெல்லாம் நம்பியவர் அவர். ஓரளவு மாற்றியும் காட்டியிருந்தார்.

முதல்தர ஆட்டங்கள் 33இல் 179 விக்கெட்டுகள், ஒரு விக்கெட்டுக்குச் சராசரி 15 ஓட்டங்கள்: இவை ஏட்டில் பதிந்த கணக்கு. பூனாவில் கூலிக்கு வீசிய பந்துகளுக்குக் கணக்கில்லை. பாலு 1955 ஜூலை 4ஆம் நாள் பம்பாயில் காலமானார்.